மலிவு வேறு, சிக்கனம் வேறு: பிராக் நகருக்கு இரண்டு நாள் போவோர் கவனத்திற்கு

ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களுக்குக் குறைந்த செலவில் வார இறுதிப் பயணம் போய்வருவது எப்படி என்று எழுதப்படும் கட்டுரைகளுக்கு இன்று ஓர் இலக்கணமே அமைந்துவிட்டது. தொல்காப்பியர் இக்காலத்தவராய் இருந்திருப்பின் பொருளதிகாரத்தில் இதற்கென ஓர் இயலை ஒதுக்கியிருப்பார். தலைப்பில் எண் ஒன்று வர வேண்டும்: 48 மணி நேரம், 15 இடங்கள், 100 யூரோ. முதற்பத்தியில் விமானச் சீட்டு எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தது என்ற பெருமிதம். இரண்டாம் பத்தியில், அந்நகரில் பீர் தண்ணீரைவிட மலிவு என்ற அரிய கண்டுபிடிப்பு. நடுவில் எங்கேனும் 'சுற்றுலாக்காரர் எவரும் அறியாத மூலை' ஒன்று சுட்டப்படும். அதைப் படித்தவர்கள் அத்தனை பேரும் அடுத்த மாதமே அந்த மூலையில் வந்து நிற்பார்கள். முடிவில், மீண்டும் வருவேன் என்று நகரத்துக்கு ஒரு வாக்குறுதி. நகரம் அதைக் கேட்டு மகிழ்ந்ததா என்பது குறித்து எவரும் எழுதுவதில்லை.

இக்கட்டுரைகளின் மீது நமக்குள்ள வழக்கு அவை செலவைப் பற்றிப் பேசுகின்றன என்பதன்று. கல்லூரி ஆசிரியர் ஊதியத்தில் வாழும் நாம் செலவைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது? கையில் உள்ள பணத்தை எண்ணிப் பார்த்துப் பயணம் போவதில் இழிவு ஒன்றும் இல்லை. நம் வழக்கு வேறு. இவை மலிவை மட்டுமே பேசுகின்றன. சிக்கனத்தைப் பேசுவதே இல்லை. இரண்டும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் தமிழைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். மலிவு என்பது பொருளின் விலை பற்றிய சொல். சிக்கனம் என்பது மனிதரின் நடத்தை பற்றிய சொல். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பத்துப் பொருளை அள்ளிக்கொண்டு வருகிறவரைச் சிக்கனக்காரர் என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை.

வாதத்துக்கு ஒரு நகரம் வேண்டும். பிராக்கை எடுத்துக்கொள்வோம். தமிழில் சிற்றிதழ் படிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு ஐரோப்பாவில் காணாமலே பழகிய ஊர் ஒன்று உண்டென்றால் அது இதுதான். காஃப்கா பிறந்த ஊர். ஹ்ராபல் குடித்த ஊர். யாரொஸ்லாவ் ஸைஃபர்ட் பிறந்து, வாழ்ந்து, 1984 இல் நோபல் பரிசு பெற்றதும் இங்கேதான். அதோடு, மலிவான வார இறுதிப் பயணம் என்ற பெயரில் ஒரு நகரம் என்ன பாடுபட முடியும் என்பதற்கும் இதுவே நல்ல எடுத்துக்காட்டு.

முதலில், இது ஏன் மலிவாக இருக்கிறது என்று கேட்போம். கட்டுரையாளர்கள் கேட்பதில்லை. வானத்திலிருந்து மழை விழுவதைப் போல விமானச் சீட்டு விலை விழுந்துவிட்டதாக அவர்கள் நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வழிச் சந்தையைப் படிப்படியாகத் திறந்து 1997 இல் முழுமையாகத் திறந்துவிட்டது. எந்த உறுப்பு நாட்டு விமான நிறுவனமும் ஒன்றியத்துக்குள் எங்கிருந்து எங்கும் பறக்கலாம் என்றாயிற்று. செக் குடியரசு 2004 இல் ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 டிசம்பரில் ஷெங்கன் எல்லைக்குள்ளும் வந்தது. இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது எரிபொருள் வரி. காரில் போகிறவர் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறார். விமானத்தின் எரிபொருளுக்கு 2003 ஆம் ஆண்டின் ஐரோப்பிய எரிசக்தி வரி ஆணை விலக்கு அளித்தது. ஆக, அந்த விலையில் ஒரு பகுதியைக் கட்டாமல் விட்டவர் பயணி. கட்டுகிறவர் வேறு எவரோ. இதைத் தெரிந்துகொண்டு பறப்பது ஒன்று. தெரியாமல், தம் சாமர்த்தியத்தால் கிடைத்தது என்று மார்தட்டுவது வேறொன்று.

அடுத்தது தங்குமிடம். பழைய நகரச் சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், சமையலறையோடு கூடிய வீடு, நான்கு பேர் பகிர்ந்தால் விடுதியைவிடக் குறைவு என்று எழுதுகிறார்கள். வீடு என்ற சொல்லை எழுதும்போது கை சற்றே நின்றிருக்க வேண்டும். வீடு என்றால் அதில் ஒருவர் குடியிருந்திருப்பார் அல்லவா? அவர் எங்கே போனார்? பிராக்கின் பழைய நகரம், சிறுநகரம், யோசெஃபோவ் முதலியவற்றின் பெரும்பகுதியை உள்ளடக்கிய பிராக் 1 வட்டத்தில் இன்று குடியிருப்போர் சுமார் 30,000 பேர். 2019 இல் அந்த நகரத்தின் தங்குமிடங்களில் இறங்கிய விருந்தினர் சுமார் 80 லட்சம். நகரம் முழுமைக்கும் மக்கள்தொகை ஏறத்தாழ 14 லட்சம்தான். நாள்வாடகை வீடுகள் பெருகிய தெருவில் மளிகைக் கடை மூடப்படுகிறது. அந்த இடத்தில் காந்தப் பொம்மைகளும் ருஷ்ய மரப்பாவைகளும் விற்கும் கடை வருகிறது. (ருஷ்யப் படைகள் 1968 இல் புகுந்த ஊரில் ருஷ்யப் பாவையை நினைவுப் பொருளாக வாங்கி வருகிறவர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.) குளிர்பெட்டிக்குள் பால் வாங்கி வைக்க வேண்டிய கிழவி டிராம் ஏறிப் போய் வாங்குகிறாள். அவள் நடக்கும் தூரமும் அந்த மலிவின் விலையில் சேர்த்தி.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. யோசெஃபோவ் என்பது பழைய யூதர் குடியிருப்பு. சுகாதாரச் சீரமைப்பு என்ற பெயரில் 1893 இல் ஒரு சட்டம் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பின் பெரும்பகுதி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. தொழுகைக் கூடங்கள் சிலவும் பழைய இடுகாடும் யூதர் நகர மன்றக் கட்டடமும் தப்பின. அங்கே இருந்த ஏழைகள் அகன்றார்கள். பாரிஸ் தெரு என்று பொருள்படும் பெயரில் அகன்ற சாலையும் அழகிய மாடிவீடுகளும் எழுந்தன. இன்று அத்தெருவில் உலகின் விலையுயர்ந்த கைப்பைகள் விற்கின்றன. 1883 இல் பிறந்த காஃப்கா இந்த இடிப்பைக் கண்முன்னே பார்த்து வளர்ந்தவர். அவர் பிறந்த வீடே 1897 இல் எரிந்துபோய், பின் அவ்விடத்தில் புதுக் கட்டடம் எழுந்தது; பழைய வாயில் மட்டும் எஞ்சியது. முதல் முறை அந்த ஊரின் ஏழைகளை வெளியேற்றச் சட்டமும் கடப்பாரையும் தேவைப்பட்டன. இம்முறை ஒரு சாவிப் பெட்டி போதுமாய் இருக்கிறது.

பீருக்கு வருவோம். நாம் மதுவிலக்குப் பிரசாரம் செய்ய வரவில்லை. செக் மக்களுக்குப் பீர் உணவின் பகுதி. அவர்களுடைய மதுக்கூடங்கள் கதை சொல்லும் மன்றங்களாக இருந்திருக்கின்றன. ஹ்ராபலின் எழுத்தே அந்த மேசைகளிலிருந்து எழுந்ததுதான். ஹுசோவா தெருவில் 'பொற்புலி' என்ற பெயருள்ள கூடத்தில் அவர் நாள்தோறும் அமர்ந்திருந்தார். 1994 ஜனவரியில் ஹாவெல், அமெரிக்க அதிபர் கிளிண்டனை அங்கே அழைத்துவந்து அவரோடு உட்கார வைத்தார். ஆனால் தண்ணீரைவிட மலிவு என்ற விளம்பரம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் கதை கேட்க வந்தவர்கள் அல்லர். திருமணத்துக்கு முந்தைய ஆண்கள் கூத்துக்காகக் குறைந்த விலை விமானத்தில் வெள்ளி மாலை இறங்கி, ஞாயிறு மாலை திரும்பும் கூட்டம் அது. பீர் குடித்துக்கொண்டே பத்துப் பேர் மிதித்துச் செல்லும் வண்டிகளை நகரம் 2021 இல் தடைசெய்தது. வழிகாட்டி வைத்து மதுக்கூடம் மதுக்கூடமாக இரவில் அழைத்துச் செல்லும் ஏற்பாட்டை 2024 அக்டோபரில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, தடைசெய்தது. ஒரு நகராட்சி இப்படியெல்லாம் சட்டம் எழுத வேண்டிவருகிறது என்றால், அங்கே தூங்க முயலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பொருள்.

இந்தக் கட்டுரைகளின் அறியாமைக்கு ஒரு சான்று தருவோம். பெரும்பாலான இரண்டு நாள் அட்டவணைகள் சனிக்கிழமை காலையை யூதர் குடியிருப்புக்கு ஒதுக்குகின்றன. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். அன்று யூத அருங்காட்சியகத்தின் தொழுகைக் கூடங்களும் பழைய இடுகாடும் திறப்பதில்லை. ஷிஷ்கோவ் பக்கம் காஃப்கா அடக்கமாகியுள்ள புதிய யூதர் இடுகாடும் அன்று மூடியிருக்கும். கதவடைத்த சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, காஃப்கா நகரில் காஃப்காத்தனமான அனுபவம் என்று எழுதியவர்களை நாம் படித்திருக்கிறோம். அதில் காஃப்காத்தனம் ஏதும் இல்லை. வாசலில் எழுதியிருந்ததை முன்கூட்டிப் படிக்கவில்லை, அவ்வளவே. இதே போல் ஞாயிறு காலை புனித வீத்துஸ் பேராலயத்துக்குப் போகிறவர்கள், வழிபாடு முடிந்து நண்பகலுக்குப் பின்னரே பார்வையாளருக்குக் கதவு திறக்கும் என்பதை வாசலில் நின்று தெரிந்துகொள்கிறார்கள். 1344 இல் தொடங்கி 1929 இல் கட்டி முடித்த கோயில் அது. அரை நாள் காத்திருப்பதற்கு நமக்கு மட்டும் பொறுமையில்லை.

பேராலயம் என்றதும் 'விசாரணை' நாவல் நினைவுக்கு வருகிறது. அந்நாவலில் நகரத்துக்குப் பெயர் இல்லை. ஆயினும் அதில் ஒரு சுற்றுலாப் பயணி உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். வங்கிக்கு வேண்டியவரான இத்தாலியர் ஒருவருக்கு நகரின் கலைச் சின்னங்களைச் சுற்றிக்காட்டும் பணி யோசப் க. மீது விழுகிறது. அவருக்கும் நேரம் குறைவு. எல்லாவற்றையும் அவசரமாகப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேராலயத்தை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம் என்று அந்த இத்தாலியரே முடிவு செய்கிறார். பிறகு அவர் வருவதே இல்லை. படத்தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் காத்திருக்கும் க.வைப் பூசகர் பெயர் சொல்லி அழைக்கிறார். உலக இலக்கியத்தின் மிகப் பெரிய உரையாடல்களுள் ஒன்று தொடங்குகிறது. வராத அந்தப் பயணிதான் நாம் அறிந்தவரையில் இலக்கியத்தின் சிறந்த சுற்றுலாப் பயணி. வந்து தொலைத்திருந்தால் அந்த அத்தியாயம் நடந்திருக்காது.

இனி, எதிர்வாதத்துக்கு வருவோம். உமக்கென்ன, எழுதிவிட்டீர், ஆயுளில் ஒருமுறை வெளிநாடு பார்க்கக் காசு சேர்க்கும் எளியவனைப் போகாதே என்கிறீரா, பணக்காரர்கள் மட்டும் நிதானமாகப் பார்க்கட்டும் என்கிறீரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, எளிதில் தள்ளிவிட இயலாதது. ஏனெனில் இன்று பல நகரங்களின் ஆட்சியாளர்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்டிருக்கும் தீர்வு அதுவேதான். 'தரமான பயணி' வேண்டும் என்கிறார்கள். தரம் என்ற சொல்லைத் தட்டிப் பார்த்தால் உள்ளே பணப்பை சத்தமிடுகிறது. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில் பகல் நேரத்துக்கு மட்டும் வந்து திரும்புவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 2025 இல் நாள்களைக் கூட்டி, கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு 10 யூரோ ஆக்கியது. நகருக்குள் விடுதியில் தங்குகிறவருக்கு இந்தக் கட்டணம் இல்லை. அதாவது, தங்கப் பணமில்லாமல் ரயிலில் வந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டு டிண்டோரெட்டோவைப் பார்க்க வந்த மாணவன் கட்ட வேண்டும். அரண்மனை விடுதியில் இறங்கிய தரகர் கட்ட வேண்டாம். இதை நாம் எதிர்க்கிறோம். ஒரு நகரத்தின் அழகைக் காசுள்ளவர் சொத்தாக்குவது, அதை நாள்வாடகைக்கு விடுவதைவிட எந்த வகையிலும் மேலானதன்று.

ஆகவே நாம் எளியவரைப் போகாதே என்று சொல்லவில்லை. எளியவராகவே போங்கள் என்கிறோம். இரண்டு நாளுக்கு மட்டும் வேடமிட்ட சீமானாகப் போகவேண்டாம் என்கிறோம். மலிவுக் கட்டுரைகள் விற்பது அந்த வேடத்தைத்தான்: சதுக்கத்துக்கு அருகே வீடு, படகில் இரவு உணவு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், எல்லாம் தள்ளுபடியில். எளியவருக்கு வேறொரு பிராக் இருக்கிறது. அது அவர்களைப் போன்றவர்கள் வாழ்கிற பிராக்.

எப்படி என்று கேட்டால் சொல்ல நம்மிடம் உள்ளது. சக ஆசிரியர் இருவரோடு டிரெஸ்டன் நகரிலிருந்து ரயிலில் போய்வந்த பயணமும், அதற்கு முன்னும் பின்னும் படித்தவையும் இதற்கு ஆதாரம்.

ரயில் என்றோம். ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ இருக்கிறவருக்கு விமானம் தேவையே இல்லை. டிரெஸ்டனிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பெர்லினிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் நான்கு மணி நேரத்தை ஒட்டி. டிரெஸ்டன் வழி வரும் ரயில் எல்பே ஆற்றின் கரையோடே மணற்பாறைக் குன்றுகளுக்கு இடையில் எல்லையைக் கடக்கிறது. அதைப் பார்க்கத் தனிக் கட்டணம் இல்லை. முன்கூட்டிப் பதிவு செய்தால் விலை கணிசமாகக் குறையும். வான்வழி வந்துதான் ஆக வேண்டும் என்றால், ஹாவெல் விமான நிலையத்திலிருந்து 59 என்ற எண்ணுள்ள மின்கம்பிப் பேருந்து மெட்ரோவின் ஏ தடத்தோடு இணைக்கிறது. நகரின் சாதாரணப் பயணச்சீட்டே செல்லும். 24 மணி நேரச் சீட்டும் 72 மணி நேரச் சீட்டும் உண்டு. முதல் முறை ஏறும்போது இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் விட்டால் அபராதம். டிராம், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றுக்கும் அதே சீட்டு. வில்தாவா ஆற்றைக் கடக்கும் சிறு தோணிகள் சிலவும் நகரப் போக்குவரத்தில் சேர்ந்தவை. உல்லாசப் படகுக்கு ஆள் பிடிப்பவர்கள் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

எப்போது போவது என்பதில்தான் உண்மையான சிக்கனம் இருக்கிறது. வார இறுதி என்றால் சனி ஞாயிறு என்று கொள்வது பிழை. வெள்ளி காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். காரணம் சோறு. செக் உணவகங்களில் வேலை நாள்களில் மட்டும், முற்பகல் 11 மணி அளவிலிருந்து பிற்பகல் 2 மணி வரை, 'பொலெத்னி மெனு' என்ற மதிய உணவுப் பட்டியல் உண்டு. அலுவலர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் உரியது. ஒரு சூப்பு, ஒரு முதன்மை உணவு. மாலையில் அதே மேசையில் அதே உணவுக்குக் கேட்கும் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. செக் மொழியில் மட்டும் கரும்பலகையில் எழுதியிருக்கும். அதுவே நல்ல அடையாளம். சனிக்கிழமை இந்தப் பட்டியல் பெரும்பாலும் கிடையாது. இரண்டு நாள் பயணம் போகிற அத்தனை பேரும் ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால் உண்டிருக்கக்கூடிய உணவைத் தவறவிட்டு, பாலத்தின் அருகே 'பழைய போஹிமியத் தின்பண்டம்' என்று விற்கும் டிர்டெல்நிக் மாவுச் சுருளை வாங்கித் தின்கிறார்கள். அது போஹிமியாவுக்கு உரியதே அன்று. ஸ்லொவாகியாவின் ஸ்கலித்சா ஊரின் பெயரில்தான் அதற்கு 2007 இல் ஐரோப்பியப் புவிசார் காப்புரிமை கிடைத்தது. நம்மைப் போன்ற மரக்கறிக்காரர்களுக்கு மதுக்கூடங்களில் வறுத்த பாலாடைக்கட்டி தவிரப் பெரிதாக ஒன்றும் இராது. அதை இரண்டு வேளை தின்றால் மூன்றாம் வேளை பட்டினி தானாகவே வந்துவிடும். வியட்நாமியர் நடத்தும் கடைகளை நாடலாம். சோஷலிச ஆட்சிக் காலத்தில் தொழிலாளராகவும் மாணவராகவும் வந்த வியட்நாமியரின் வழித்தோன்றல்கள் அவர்கள். காய்கறிக் கடையும் நூடுல்ஸ் கடையும் நடத்தி இந்த நகரத்தை இரவில் பசியாற்றுகிறவர்களும் அவர்களே.

பணம் மாற்றுவதில் ஏமாறுவதை எல்லாக் கட்டுரைகளும் எச்சரிக்கின்றன. தீர்வை எவரும் சொல்வதில்லை. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பணமாற்றுக் கடையில் மாற்றிய தொகையை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பரிவர்த்தனையை ரத்து செய்யலாம். 1000 யூரோ மதிப்பு வரை இந்த உரிமை உண்டு. ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு இது பொருந்தாது. அங்கே உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

தங்குவதற்கு ஷிஷ்கோவ், ஹொலெஷோவித்சே, ஸ்மீஹோவ் ஆகிய பகுதிகளில், வரி கட்டி நடக்கும் சிறு விடுதிகளைத் தேடுங்கள். நகரத் தங்கல் கட்டணம் 2022 இல் ஓர் இரவுக்கு 50 கொருனாவாக உயர்த்தப்பட்டது. முணுமுணுக்காமல் கொடுங்கள், நாம் போட்ட குப்பையை அள்ளுகிறவருக்குப் போகும் பணம். ஷிஷ்கோவ் ஒரு காலத்தில் தொழிலாளர் பேட்டை. ஸைஃபர்ட் பிறந்தது அங்கே. சதுக்கத்துக்கு டிராமில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் சந்தைப் பையோடு ஏறும் பெண்களையும் பார்க்கலாம். சதுக்கத்தருகே இறங்கியவருக்கு அது வாய்க்காது.

பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை இலவசம் என்பதை அறிந்தால் 15 இடங்களின் ஒருங்கிணைந்த அனுமதி அட்டையை வாங்கமாட்டீர்கள். 1357 இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்துக்குக் காவலாளி இல்லை. காலை ஆறு மணிக்குப் போனால் சிலைகளும் நீங்களும் மட்டும். அரண்மனை வளாகத்தின் முற்றங்களில் நடக்கக் கட்டணம் கிடையாது. நகராட்சி நூலக முன்கூடத்தில் ஆயிரக்கணக்கான நூல்களை வட்டமாக அடுக்கிக் கண்ணாடியால் முடிவற்றதாக்கிய கோபுரம் ஒன்று உண்டு. இப்போது அதன் முன் படமெடுக்க வரிசை நிற்கிறது, வரிசையில் நிற்கிறவர் எவரும் உள்ளே போய் நூலெடுப்பதில்லை. விஷெஹ்ராத் குன்றின் இடுகாட்டில் த்வோர்ஷாக், ஸ்மெதானா, கரெல் சாப்பெக், யான் நெருதா எல்லோரும் ஒரே வேலிக்குள் உறங்குகிறார்கள். சிலிக் கவிஞர் பாப்லோ நெருதா தம் புனைபெயரை இந்த யான் நெருதாவிடமிருந்தே எடுத்தார் என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த நாடகத்தின் ஆசிரியர் சாப்பெக். அங்கே அரை நாள் இருக்கலாம், காசு செலவாகாது.

மாலையில் லெத்னா மேட்டுக்கு ஏறுங்கள். கீழே ஆறும் அடுத்தடுத்த பாலங்களும் தெரியும். நீங்கள் நிற்கும் மேடையில் 1955 இல் ஸ்டாலினுக்குப் பிரம்மாண்டமான கற்சிலை எழுப்பினார்கள். அதைச் செதுக்கிய ஒட்டகார் ஷ்வெத்ஸ் திறப்பு விழாவுக்குச் சற்று முன் தற்கொலை செய்துகொண்டார். ஏழே ஆண்டில், 1962 இல், அதே ஆட்சி வெடி வைத்து அதைத் தகர்த்தது. இப்போது அங்கே 1991 இல் வைத்த ஒரு பெரிய தாளமானி ஆடிக்கொண்டிருக்கிறது. இந்நகரத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எழுதப்பட்ட வரலாற்று நூல் இல்லை. பட்டியல் கட்டுரைகள் இதைச் 'சூரிய அஸ்தமனப் படமெடுக்க ஏற்ற இடம்' என்று ஒரு வரியில் முடிக்கின்றன. இன்னொரு பக்கம், பேரங்காடியின் பின்புறம் 2014 முதல் சுழன்றுகொண்டிருக்கும் 42 அடுக்குக் காஃப்கா தலைக்கு இரண்டு பத்தி ஒதுக்குகின்றன. தலை நன்றாகத்தான் சுழல்கிறது. ஆனால் அந்தத் தலைக்குரியவர் 1908 முதல் 1922 வரை, தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில், இயந்திரத்தில் விரலிழந்தவர்களின் கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்த கட்டடம் நா பொர்ஷீச்சி தெருவில் இருக்கிறது. அது இன்று ஒரு விடுதி.

தமிழ் வாசகருக்கு இந்நகரில் இன்னொரு கடன் உண்டு. அதை நினைவூட்டாமல் விட்டால் நம் பட்டத்துக்கு அழகில்லை. கமில் சுவலபில் 1927 இல் பிறந்தது பிராக்கில். அங்கிருந்தபடியே தமிழைக் கற்று, தமிழ் இலக்கியத்தைச் செக் மொழிக்குப் பெயர்த்து, 1968 இல் டாங்கிகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டு வெளியேறியவர் அவர். தமிழ் இலக்கியம் குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'முருகனின் புன்னகை' 1973 இல் வெளிவந்தபோது அவர் தாய்நாட்டில் இல்லை. 1348 இல் நிறுவப்பட்ட சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வை யாரொஸ்லாவ் வாச்செக் 2017 இல் மறையும்வரை தொடர்ந்தார். சங்கப் பாடல்களை வில்தாவா கரையில் உட்கார்ந்து ஒருவர் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்த நகரத்துக்கு நாம் போகிறோம். மாவுச் சுருளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். சுவலபிலுக்கு அங்கே சிலை தேட வேண்டாம். அவர் வாழ்ந்த தெருக்களில் நடப்பதாக எண்ணி ஒரு மாலை நடந்தால் போதும். அதற்கும் கட்டணம் இல்லை.

ஞாயிறு காலை மெட்ரோ ஏ தடத்தில் ஷெலிவ்ஸ்கேஹோ நிலையத்தில் இறங்கினால் புதிய யூதர் இடுகாட்டின் சுவர் எதிரிலேயே தெரியும். வழிகாட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள். பெற்றோரோடு ஒரே கல்லின் கீழ்க் காஃப்கா. முகாம்களில் மடிந்த மூன்று சகோதரிகளுக்கும் அங்கே ஒரு பலகை. சிறு கற்களை வைப்பது அவர்கள் வழக்கம், பூ வேண்டியதில்லை. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். தொப்பியோ கைக்குட்டையோ ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.